யன்னலுக்கு வெளியே ஊற்றிய மருந்து

இது நடந்தது 1934ஆம் வருஷக் கடைசியில், கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் பெரிய ரோட்டில் இருக்கிற பிலிமத்தலாவையில். அந்த வருஷம் என்றாலே எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலேரியாக் காய்ச்சல்தான் ஞாபகத்துக்கு வரும். மழை பொய்த்து, ஓயா என்று நாங்கள் சொல்லும் ஆறு வற்றி, பாறைக் குழிகளில் மட்டும் பச்சையாகத் தண்ணீர் தேங்கி நின்றது. அந்தக் குழிகளிலிருந்து கிளம்பிய கொசு வீடு வீடாக ஆட்களைச் சாய்த்துக்கொண்டு போனது. அந்தக் காய்ச்சல் எத்தனையோ குடும்பங்களில் ஆளைக் கொண்டுபோயிற்று. எங்கள் வீட்டிலும் ஒரு ஆளைக் கொண்டுபோனது. ஆனால் அந்த மரணத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. இதை இதுவரை இரண்டே பேரிடம் சொல்லியிருக்கிறேன். இருவரும் இப்போது உயிரோடு இல்லை.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. என் கணவர் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கட் கிளார்க். ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில், நாலு வீடுகள் ஒட்டிக் கட்டிய வரிசையில் மூன்றாவது வீடு எங்களுடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் குசினி. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு ரயிலேறிக் கண்டிக்குப் போவோம். நான் கண்டியில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். அந்தக் காலத்தில் எங்கள் சாதிசனத்தில் அது பெரிய படிப்பு. எதைக் கொடுத்தாலும் தடங்கல் இல்லாமல் வாசிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்களோடு இன்னொருவரும் இருந்தார். என் கணவரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். நாற்பது வயதிருக்கும். அவருடைய புருஷன் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்து, நெஞ்சுவலியில் திடீரென்று இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. ஒரு தகரப் பெட்டியும், மாதா படம் ஒன்றும், சின்னச் சின்ன மருந்துப் போத்தல்கள் நிறைந்த ஒரு பலகைப் பெட்டியுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். புருஷனோடு பதினைந்து வருஷம் இருந்ததில் மருந்துகளைப் பற்றி நிறையத் தெரியும். ஆனால் எழுத வாசிக்கத் தெரியாது. போத்தல்களை நிறத்தையும் வாசனையையும் வைத்துத்தான் அடையாளம் பிடிப்பார்.

மதினி இனிக்க இனிக்கப் பேசுகிறவர் இல்லை. முகம் எப்போதும் இறுகியிருக்கும். வேலை செய்துகொண்டே இருப்பார். ஆனால் வந்த முதல் வாரத்திலேயே, பொழுது சாய்கிற நேரம், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். "புள்ள, அர்ச்சியசிஷ்டவங்க கதை ஏதாச்சும் ஒண்ணு வாசிச்சுச் சொல்லேன்" என்றார். புனிதர் ஒருவரின் கதையை நான் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அது ஒரு வழக்கமாகிவிட்டது. விளக்கேற்றும் நேரத்தில் செபமாலை சொல்வோம், அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசாகக் கிடைத்த புத்தகங்களிலிருந்து நாலைந்து பக்கம் வாசிப்பேன். இப்போது நினைத்தால் அந்த ஏழெட்டு மாதம்தான் எங்கள் வீடு வீடாக இருந்த காலம்.

பிறகு அந்த வழக்கு வந்தது.

கொழும்பிலிருந்து வரும் காலை ரயிலில் தமிழ்ப் பேப்பர் வரும். பிரயாணிகள் வாசித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போவதை என் கணவர் எடுத்து வருவார். ஒரு நாள் அதில் இந்தியாவில் எங்கோ நடந்த ஒரு கொலை வழக்கைப் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் இருந்த விதவை, தன் தம்பி பெண்சாதிக்குக் கஞ்சியிலும் மருந்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கலந்து கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்பது வழக்கு. சாட்சி சொன்னவர்கள் என்ன சொன்னார்கள், டாக்டர் என்ன சொன்னார், செத்தவள் சாவதற்கு முன் எப்படித் துடித்தாள் என்று ஒன்று விடாமல் எழுதினார்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம்.

எனக்கு அது பிடித்துக்கொண்டது. பசி என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் கண் விழித்ததும் முதல் நினைவு அந்த வழக்குதான். ரயில் ஊதும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவிடுவேன். என் கணவர் சிரித்துக்கொண்டே, "உனக்குச் சோறு வேணாம், பேப்பர் போதும்" என்பார். வாசித்ததையே திரும்பவும் வாசிப்பேன். நல்ல நல்ல பகுதிகளைக் கத்தரித்து என் செபப்புத்தகத்துக்குள் வைத்தேன். நல்ல பகுதி என்று நான் அப்போது நினைத்தது, விஷம் உடம்பில் என்ன செய்யும் என்று டாக்டர் விவரமாகச் சொன்ன பகுதியை. பேப்பர் போதாமல், சந்தையில் பாட்டாகப் பாடி விற்கிற கொலைக் கதைப் புத்தகங்களையும் வாங்கி வரச் சொன்னேன்.

பொழுது சாய்கிற நேரம் மதினி வந்து பக்கத்தில் உட்காருவார். "இன்னைக்குக் கண்ணு வலிக்குது மதினி" என்பேன். நாலைந்து நாள் கேட்டுப் பார்த்தார். அப்புறம் கேட்கவில்லை. செபமாலையைத் தனியாகவே சொல்லிக்கொண்டார். நான் உள் அறையில் விளக்கடியில் வாசித்துக்கொண்டிருப்பேன், அவருடைய முணுமுணுப்பு குசினியிலிருந்து கேட்கும். அது எனக்குத் தொந்தரவாகக்கூட இருந்தது.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் மதினி குசினியில் ஏதோ தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். அது ஓமம். ஆனால் ஒரு கணம், அந்த வழக்கில் வந்த விதவையின் முகம் மதினியின் முகமாக எனக்குத் தெரிந்தது. நானே எனக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த நாளும் அதே மாதிரி நினைத்துப் பார்த்தேன், நினைப்பதில் ஒரு சிலிர்ப்பு இருந்தது. பிறகு அவர் இல்லாத நேரத்தில் சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பலகைப் பெட்டியிலிருந்த போத்தல்களை எண்ணிப் பார்த்தேன். அவர் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தால், அவர் தன் கோப்பையை வாயில் வைத்த பிறகுதான் நான் என்னுடையதை எடுப்பேன். இதெல்லாம் எந்த நாளில் விளையாட்டு என்ற நிலையைத் தாண்டியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தாண்டியபோது எனக்கு அது தெரியவில்லை.

கார்த்திகை மாதத்தில் காய்ச்சல் எங்கள் வரிசைக்கு வந்தது. முதல் வீட்டில் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில் படுத்தார்கள். ஸ்டேஷனிலும் பாதிப்பேர் விழுந்துவிட்டதால், நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஆள் இல்லை என்று என் கணவரை அங்கே அனுப்பினார்கள். "ரெண்டு கிழமையில வந்துருவேன். அக்கா இருக்கா, பயப்படாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டேஷன் போட்டர் ஒருவரிடம் எனக்குத் தினமும் பேப்பர் கொண்டுவந்து கொடுக்கும்படியும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் போன மூன்றாம் நாள் நான் படுத்தேன். மத்தியானம் குளிர் வரும். இருக்கிற போர்வை எல்லாவற்றையும் போட்டாலும் பல் கிட்டும். பிறகு உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். பிறகு வேர்த்துக் கொட்டி, பாய் நனைந்துபோகும். எழுந்து நிற்க முடியாது.

சந்தைப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு மலேரியாவுக்குக் கொயினா மருந்து கொடுத்தார்கள். ஆளை நேரில் பார்த்துத்தான் கொடுப்பார்கள். நடக்க முடியாதவர்களின் பேரை எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்து பார்த்துக் கொடுப்பார்கள். ஆனால் பேர் எழுதியவர்கள் அத்தனை பேர், நம் முறை வர நாளாகும். மதினி விடியற்காலையில் போய், வெயில் ஏறிய பிறகு ஒரு போத்தலோடு திரும்பி வந்தார். போத்தலின் பக்கத்தில், ஒரு வேளைக்கு இவ்வளவு என்று ஓரம் வெட்டிய கடதாசி ஒட்டியிருந்தது. "மூக்கப் புடிச்சுக்கிட்டு ஒரே மொடக்கா குடிச்சிரு புள்ள" என்று சின்னக் கிளாஸில் ஊற்றித் தந்தார்.

மூன்று நாள் ஒழுங்காகக் குடித்தேன். அப்படி ஒரு கசப்பை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. மூன்றாம் நாள் காதுக்குள் வண்டு புகுந்தது போல ஒரே இரைச்சல். தலை சுற்றியது. வாந்தி எடுத்தேன். கொயினா குடித்தால் காது இரையும் என்று பின்னால்தான் எல்லோரும் சொல்லக் கேட்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்த வழக்கில் செத்துப்போன பெண்ணுக்கும் காதுக்குள் இரைச்சல் கேட்டது என்று சாட்சி சொல்லியிருந்தார்கள். வாய் கசந்தது என்றும் சொல்லியிருந்தார்கள். தலையணைக்குப் பக்கத்தில் செபப்புத்தகம் இருந்தது. அதைத் திறந்து, அந்தத் துண்டை எடுத்து, திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு வரியும் எனக்காகவே எழுதியது போல இருந்தது.

மறுநாள் காலையில் மதினி கிளாஸை நீட்டியபோது, "முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க மதினி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார். அப்புறம், "எனக்கு எதுக்கு? இது உனக்கே பத்தாது. குடி" என்றார்.

அவர் தயங்கினார், நான் அதைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது. அவருடைய கண் சிவந்திருந்ததையும், கிளாஸைப் பிடித்த கை நடுங்கியதையும்கூடப் பார்த்தேன். பேப்பரில் அந்த விதவையின் கை நடுங்கியதாக வேலைக்காரி சாட்சி சொல்லியிருந்தாள். ஒரு மனுஷிக்குக் காய்ச்சல் வந்தாலும் கண் சிவக்கும், கை நடுங்கும் என்பது என் புத்தியில் ஏறவேயில்லை. ஊரே காய்ச்சலில் கிடந்தது, நானே காய்ச்சலில் கிடந்தேன், ஆனாலும் ஏறவில்லை. அந்த இடத்தை வேறொன்று ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருந்தது.

"வெச்சிட்டுப் போங்க, குடிக்கிறேன். கொஞ்சம் சுடுதண்ணி கொண்டு வாங்க" என்றேன். அவர் குசினிக்குப் போனதும், தலைமாட்டிலிருந்த யன்னல் வழியாக மருந்தை வெளியே ஊற்றினேன். கீழே வாழை மரங்கள். மண் உறிஞ்சிக்கொண்டது. வெறும் கிளாஸைத் திரும்பக் கொடுத்தபோது மதினி, "நல்ல புள்ள" என்றார். அவர் யாரையும் அப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. ஏமாந்துவிட்டாள் என்று எனக்குள் ஒரு வெற்றிச் சந்தோஷம்.

ஐந்து நாள் இப்படிச் செய்தேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை. இடையில் போத்தல் முடிந்து, மதினி மறுபடியும் போய் வரிசையில் நின்று வாங்கி வந்தார். வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் படுத்தபடி கதவு வழியாக அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரக்கம் வரவில்லை. அடுத்ததாக என்ன திட்டம் போடுகிறாளோ என்றுதான் யோசித்தேன்.

இதில் எனக்கு மிகவும் வெட்கமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு தரமும் மருந்தை ஊற்றுவதற்கு முன் நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஊற்றிய பிறகு, "மாதாவே, என்னை இன்றைக்கும் காப்பாற்றினாய்" என்று நன்றி சொன்னேன். மனதாரச் சொன்னேன். செபம் செய்தால் மனம் சுத்தமாகும் என்று நினைத்திருந்தவள் நான். என் மனதில் என்ன நிறைந்திருந்ததோ அதன் நிறத்தைத்தான் என் செபமும் எடுத்தது.

ஆறாம் நாள் காலை பத்து மணி இருக்கும். குசினியில் சட்டி உருளும் சத்தமும், யாரோ தொப்பென்று விழும் சத்தமும் கேட்டது. "மதினி" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்து போனேன். அடுப்புக்கு முன்னால் மதினி ஒருக்களித்துக் கிடந்தார். கஞ்சி தரையெல்லாம் ஓடியிருந்தது. என் மனதில் முதலில் என்ன நினைவு வந்தது தெரியுமா? எனக்கு வைத்ததை மாற்றித் தானே குடித்துவிட்டாள் என்று. அவர் விழுந்து கிடந்த நேரத்திலும் நான் நினைத்தது அதுதான்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. வீட்டுக்காரருக்கு ரோட்டோரம் துணிக்கடை. அவருடைய மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அவர்கள் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். நான் போட்ட சத்தத்தில் அவர் பின்வாசல் வழியாக ஓடிவந்தார். மதினியின் நெற்றியில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "நெருப்பாக் கொதிக்கிது" என்று சொல்லி, தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

நான் வாசற்படியில் சாய்ந்துகொண்டு, "ராத்தா, அவங்க எனக்கு மருந்துல விஷம் வெச்சாங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "யா அல்லாஹ்! என்ன பேச்சு தங்கச்சி இது? இது அவங்கட மருந்து. அவங்களுக்குக் காய்ச்சலென்டு பாத்து ஊத்தினது. நானும் வரிசையில பின்னாலதானே நின்டேன். நடுங்கி நடுங்கி நின்டாங்க. ஒங்கட பேரயும் எழுதிக் குடுத்தாங்க, வீட்டுக்கு வந்து பாப்பாங்கென்டு. அதுவரைக்கும் தண்ட வாயில ஒரு சொட்டு வைக்காம ஒங்களுக்குத்தான் தந்தாங்க. தெரிஞ்சா நீங்க குடிக்க மாட்டீங்கென்டு, சொல்ல வேணாமென்டு என்னட்டக் கேட்டுக்கிட்டாங்க."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ராத்தா மேலும் என்னமோ சொன்னார், எதுவும் காதில் விழவில்லை. ஐந்து நாள், பதினைந்து வேளை மருந்து வாழையடியில் கிடக்கிறது என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது. நானும் குடிக்கவில்லை, அவரும் குடிக்கவில்லை.

ராத்தாவின் கணவர் ஸ்டேஷனுக்கு ஓடினார். அங்கிருந்து தந்தி அடித்து என் கணவருக்குச் செய்தி போயிற்று. சாயந்தரத்துக்குள் அவர் வந்துவிட்டார். மதினியைக் கதிரையில் உட்காரவைத்து, சேலையால் கட்டி, இரண்டு போட்டர்மார் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போனார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கண்டி ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாமல் தரையிலும் பாய் போட்டு நோயாளிகள் கிடந்தார்கள். எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் இடம் கிடைத்தது. உடனே எங்களுக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் காய்ச்சல் இறங்கியது. மதினிக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள்.

இரண்டு நாள் அவர் செத்துப்போன தன் புருஷனோடு பேசிக்கொண்டே இருந்தார். எந்தப் போத்தலை எடுக்க வேண்டும், எந்த லயத்தில் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று. லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடு. அந்தப் பதினைந்து வருஷமும் அவருக்குள் அப்படியே இருந்தது. நினைவு தப்பிப்போன நேரத்திலும் அவர் மனம் நோயாளிகளைத்தான் தேடிப் போய்க்கொண்டிருந்தது. நான் நினைவோடு இருந்தும் என் மனம் போன இடத்தை நினைத்துப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கோயிலிலிருந்து சுவாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசினார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மதினிக்குத் தெளிவு வந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. "மருந்து குடிச்சியா புள்ள?" என்று கேட்டார்.

"குடிச்சேன் மதினி" என்றேன்.

"எல்லா வேளையும்?"

"எல்லா வேளையும்."

"அப்ப சரி" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். நான் அவரிடம் சொன்ன கடைசிப் பேச்சு பொய். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டுமா, இல்லை அந்த ஆறுதலோடு அவரை விட்டதுதான் சரியா என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். இன்னும் விடை கிடைக்கவில்லை. மத்தியானத்துக்கு முன் உயிர் போய்விட்டது.

மகியாவைச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம். அந்த நாட்களில் அங்கே தினமும் ஐந்தாறு குழி வெட்டினார்கள். எங்களோடு வந்தவர்கள் நாலு பேர்தான், மற்றவர்கள் எல்லாம் காய்ச்சலில் கிடந்தார்கள். நத்தாருக்குப் பத்து நாள்கூட இருக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் பாலன் யேசுவுக்குக் குடில் வைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய அன்று வாசல் கதவுக்கு அடியில் பேப்பர்கள் குவிந்து கிடந்தன. அந்தப் போட்டர் சொன்ன சொல் தவறாமல் தினமும் போட்டுவிட்டுப் போயிருந்தார். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் அடுப்பில் போட்டேன். செபப்புத்தகத்துக்குள் இருந்த துண்டுகளையும் போட்டேன். அந்த வழக்கில் என்ன தீர்ப்பு சொன்னார்கள், அந்த விதவை உண்மையிலேயே குற்றவாளிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போக எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. கண்டியில் அப்போது இருந்த சுவாமியார் இத்தாலிக்காரர். தமிழைத் தட்டித் தடவித்தான் பேசுவார். நான் அழுது அழுது எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "எத்தனை நாள்?" என்று கேட்டார். "ஐந்து நாள் ஊற்றினேன் சுவாமி" என்றேன். "அது இல்லை, மகளே. ஊற்றினதுக்கு முன்னால். மனசுக்குள்ள எத்தனை நாள்?" என்றார். எண்ணிப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும். அத்தனை நாளும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் பூசைக்குப் போயிருக்கிறேன், நன்மை அப்பம் வாங்கியிருக்கிறேன். சொல்வதற்குப் பெரிய பாவம் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

உண்மையானது எது, தூய்மையானது எது, அன்புக்கு உரியது எது என்று பார்த்து அதையே சிந்தியுங்கள் என்ற கருத்தில் வேதப்புத்தகத்தில் அர்ச். சின்னப்பர் எழுதியதைத் தினமும் ஒரு தரம் நினைக்கும்படி சுவாமியார் எனக்கு அபராதம் கொடுத்தார். இவ்வளவு பெரிய பாவத்துக்கு இவ்வளவு சின்ன அபராதமா என்று அன்று மனம் ஒப்பவில்லை. செய்து பார்த்தபோதுதான் அது எத்தனை கடினம் என்று தெரிந்தது. கையைக் கட்டிப்போடலாம், வாயை மூடிக்கொள்ளலாம். மனதுக்குள் ஒருமுறை இடம் கொடுத்ததை வெளியே அனுப்புவதுதான் பெரும் பாடு. பல வருஷங்களுக்குப் பிறகும், யாராவது ஒரு கோப்பையை நீட்டினால் அந்தப் பழைய நினைவு தலையைத் தூக்கும். என் சொந்தத் தங்கை நீட்டினாலும் தூக்கும். அதை அடக்கிக்கொண்டுதான் வாங்கிக் குடிப்பேன்.

என் கணவரிடம் அடுத்த வருஷம் சொன்னேன். அதுவரை சொல்லத் துணிவு வரவில்லை. பகலில், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து பின்பக்கம் போய், அந்த யன்னலுக்குக் கீழே வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "பேப்பரக் கொண்டு வந்து குடுத்தவன் நான்தானே" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. முப்பத்தாறு வருஷம் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தோம், மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தோம். ஒரு நாளாவது அவர் அதைச் சொல்லிக் காட்டியது கிடையாது. ஆனால் தன் அக்காவின் பேரை என் முன்னால் அவர் மறுபடி உச்சரித்ததும் கிடையாது.

இதை வாசிக்கிறவர்களில் சிலர், அந்தக் காய்ச்சலில் எத்தனையோ பேர் மருந்து குடித்தும் இறந்தார்கள், நீ ஏன் உன்னையே போட்டு வதைக்கிறாய் என்று நினைக்கலாம். சுவாமியாரும் அப்படித்தான் சொன்னார். இருக்கலாம். பேப்பர்க்காரர்மேலும் நான் பழி சொல்லவில்லை. அவர்கள் எழுதியது அத்தனையும் உண்மையாகவே இருந்திருக்கலாம். தினமும் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இன்னும் கொண்டா, இன்னும் கொண்டா என்று கேட்டவள் நான்தான். இப்போதும் நான் நிறைய வாசிக்கிறேன். வாசிப்பை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் ஒன்றை வாசித்து முடித்துவிட்டு என் வீட்டு ஆட்களின் முகத்தைப் பார்க்கும்போது அவர்கள் எனக்கு எப்படித் தெரிகிறார்கள் என்று கவனிப்பேன். ஒரு துளியாவது கோணலாகத் தெரிந்தால் அதை மறுபடி கையால் தொட மாட்டேன்.

என் வாய்க்குள் என்ன போகிறது என்று அத்தனை உஷாராகக் காவல் காத்த அந்த ஐந்து நாட்களுக்கு முன்னால், என் கண் வழியாக எனக்குள் என்ன போகிறது என்று ஒரே ஒரு நாள் கவனித்திருந்தால், தன் மருந்தை எனக்குத் தந்த அந்த மனுஷி ஒருவேளை பிழைத்திருப்பாள் என்ற எண்ணத்தோடுதான் இந்த வயதிலும் என் ஒவ்வொரு காலையும் விடிகிறது.